தலைக்காயமும் ஏ.ஆர். காப்பியும்: கடலூர், புதுவைக் குடும்பங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கால் ஒடிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், மாவுக்கட்டு போட்டால் ஊருக்கே தெரியும். மூளையில் பட்ட அடி அப்படியில்லை. தையல் பிரித்து, முடி வளர்ந்து, ஆள் நடமாட ஆரம்பித்ததும் "நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பழைய மனிதர் திரும்பி வரவில்லை என்பது தெரியும். நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வருவதும் இதே இடத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத காயம் என்பதால், காகிதத்தில் என்ன ஏறியிருக்கிறதோ அதுவே அங்கே காயமாகக் கணக்கில் வரும்.

அதனால் மருத்துவத்தையும் சட்டத்தையும் இங்கே சேர்த்தே சொல்கிறோம். முதல் நாள் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (இதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி) எழுதப்படும் ஒரு வரி, மூன்று வருடம் கழித்து, விபத்து இழப்பீட்டைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயத்தில் பல லட்சம் ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

மூளை தயிர்க்கட்டி போல மிருதுவானது. மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதந்தபடி இருக்கிறது. வண்டி மோதித் தலை சட்டென நின்றாலும் உள்ளே மூளை நிற்காமல் முன்னும் பின்னும் போய் எலும்பில் இடிக்கிறது. ஆகவே வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பெரிய காயம் இருக்கலாம். நெற்றியில் நீளமாகக் கிழிந்து ரத்தம் கொட்டியவருக்கு உள்ளே ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம்.

மூளைக்காயத்தில் சில வகைகள் உண்டு. லேசானது மூளை அதிர்ச்சி. அதில் ஸ்கேன் சுத்தமாக இருக்கும், ஆனால் தலைவலி, குழப்பம், மறதி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை சில வாரம் இருக்கும். அடுத்து, மூளைத் திசுவே கன்றி ரத்தம் கசிவது. இதை டாக்டர்கள் கன்டூஷன் என்பார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கினால் இ.டி.எச்., உறைக்கு அடியில் தேங்கினால் எஸ்.டி.எச். நரம்பு இழைகளே பரவலாக அறுந்துபோவது இன்னொரு வகை. இதில் சி.டி. ஸ்கேன் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும், ஆள் மட்டும் கண் விழிக்க மாட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும்.

இவற்றில் இ.டி.எச். ஏமாற்றுகிற வகை. அடிபட்டவுடன் சிறிது மயக்கம் வரும், பிறகு எழுந்து உட்கார்ந்து பேசுவார், தண்ணீர் கேட்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார். இதற்குள் பொட்டுப் பக்கத்து எலும்புக்கு உள்புறம் ஓடும் தமனியிலிருந்து ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் தூக்கம் தூக்கமாக வந்து, ஒரு கண்ணின் பாப்பா விரிந்து, நினைவு போய்விடும். நேரத்துக்கு அறுவை சிகிச்சை செய்தால் முழுதாகப் பிழைக்கக்கூடிய காயம் இது. "பேசினாரே" என்று நம்பி வீட்டில் படுக்கவைப்பதால்தான் போகிறது.

எஸ்.டி.எச்.சில் ஒரு வகை வயதானவர்களுக்கு வருவது. பாத்ரூமில் வழுக்கி லேசாக இடித்திருப்பார், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்து நடை தடுமாறும், பேச்சு குழறும், ராத்திரி பகல் தெரியாது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் சின்ன அடி பட்டாலும் ஸ்கேன் தேவையா என்று அன்றே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

முதல் சில மணி நேரம்

அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால் வாயில் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கழுத்து எலும்பும் உடைந்திருக்கலாம். எனவே கை கால் பிடித்து ஆட்டோவில் மடக்கிப் போடாமல், தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து தூக்குங்கள். 108 வரும் நேரம் என்றால் காத்திருப்பது நல்லது. வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்த்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. சுற்றியுள்ள கல், கம்பியை அகற்றிவிட்டு, எத்தனை நிமிடம் நீடித்தது என்று பாருங்கள்.

மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலக் கசிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்கக் கூடாது, மூக்கைச் சிந்தவும் விடக் கூடாது.

சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரும் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க முதல் அளவுகோல். இப்பகுதியில் பெரிய தலைக்காயங்கள் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கே அதிகம் போகின்றன. சிதம்பரம் பக்கத்தில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பண்ருட்டிக்கு மேற்கே என்றால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பக்கத்து ஆஸ்பத்திரியில் மூச்சையும் ரத்தப்போக்கையும் சரிசெய்துகொண்டு மாற்றுவது தப்பில்லை. ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் "நாளைக்குப் பார்ப்போம்" என்று படுக்கவைப்பதுதான் தப்பு.

செலவுக்கு முதலில் கைக்காசைத் தேட வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்குப் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் கட்டணமில்லாத சிகிச்சை உண்டு. இது தவிர 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் ஒன்று, விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை தருகிறது. சேர்க்கும்போதே இது சாலை விபத்து என்று சொல்லி, எந்தத் திட்டத்தில் பதிவு செய்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்க விடலாம். அடிக்கடி எழுப்பிப் பேரும் இடமும் கேட்டால் போதும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வது, வலிப்பு, இரண்டு கண் பாப்பாவும் வேறு வேறு அளவில் இருப்பது - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வலிக்கு பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கேஸ் ஷீட்டில் ஒரு எண்

சேர்த்தவுடன், நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து டாக்டர் ஜி.சி.எஸ். என்று ஒரு மதிப்பெண் போடுவார். இந்த ஒரு எண்ணைப் புரிந்துகொண்டால் பாதி வழி தாண்டியாயிற்று.

கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. பூஜ்யம் கிடையாது. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. 'இ2 வி3 எம்5' என்று எழுதியிருந்தால், வலி கொடுத்தால்தான் கண் திறக்கிறார், தொடர்பில்லாத சொற்களை உளறுகிறார், வலிக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோய்த் தள்ளுகிறார் என்று அர்த்தம். கூட்டினால் 10, நடுத்தரம். எண்ணுக்குப் பக்கத்தில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாலை 6 மணிக்கு 14, இரவு 10 மணிக்கு 9 என்றால், உள்ளே என்ன நடந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இதே எண் வழக்கிலும் திரும்ப வரும். லேசான காயம்தானே என்று இன்சூரன்ஸ் வக்கீல் வாதிடும்போது முதலில் காட்டுவது ஜி.சி.எஸ். 15 என்ற வரியைத்தான். அதற்கு உங்கள் பக்கம் பதில் இருக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னாலோ பின்னாலோ நினைவு தப்பியது ஏட்டில் ஏறியிருக்க வேண்டும்.

ஏ.ஆர். காப்பி

விபத்து என்று சொல்லிச் சேர்த்தால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் டாக்டர் ஒரு பக்கம் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். யார் கொண்டுவந்தார், எப்போது, எங்கே, எந்த வண்டி எந்த வண்டியில் மோதியது, நினைவு இருந்ததா, மது வாடை இருந்ததா, எங்கெங்கே காயம் - எல்லாம் அதில் வரும். வழக்கின் அடித்தளம் இதுதான். கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

எப்படிக் கெடுகிறது? பதறிக்கொண்டு வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டாரு" என்கிறார். அது தானாக விழுந்தார் என்று ஏறிவிடுகிறது. பின்னால் எஃப்.ஐ.ஆரில் லாரி மோதியது என்று வந்தால், வழக்குக்காகச் சேர்த்த கதை என்பார்கள். ஆகவே அழைத்துப் போகிறவர் நின்று நிதானமாக, எந்த வண்டி எந்தத் திசையிலிருந்து வந்து மோதியது என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அடையாளம் தெரியாத வாகனம் என்றே சொல்லலாம். இடத்தில் எவ்வளவு நேரம் மயக்கமாக இருந்தார், வழியில் வாந்தி எடுத்தாரா, வலிப்பு வந்ததா என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். நினைவிழப்பு இல்லை என்று ஒரு வரி ஏறிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு.

மது வாடை என்று எழுதினால் குடும்பம் பயந்துபோகும். வாடை, குடித்த அளவைச் சொல்லாது. சட்டம் பார்ப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்ததா என்பதை. சோதனை செய்திருந்தால் அந்த முடிவையும் கேட்டு வாங்குங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து மருத்துவத்தில் இருக்கிறது. மூளைக்காயத்தால் உளறுகிறவரை, குடித்தவர் தெளியட்டும் என்று மூலையில் படுக்கவைத்துவிடுவது. குடித்திருந்தாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லைக் கோட்டின் குழப்பம்

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. கடலூரிலிருந்து புதுவைக்குப் போகிற 20-சொச்சம் கிலோமீட்டரில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் புதுவை. உள்ளே பாகூர், வில்லியனூர் பக்கம் போனால் வயலுக்கு வயல் எல்லை மாறும். விபத்து தமிழ்நாட்டில், ஆள் படுத்திருப்பது ஜிப்மரில் என்பது சாதாரணம். மருத்துவமனைத் தகவல் புதுவைப் போலீசுக்குப் போய், அவர்கள் எங்கள் எல்லை இல்லை என்று சொல்லி, நடுவில் பத்து நாள் ஓடிவிடும்.

மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. இரண்டாவது, ஆஸ்பத்திரித் தகவலை நம்பி உட்காராமல் வீட்டில் ஒருவர் சம்பவ இடத்துக் காவல் நிலையத்துக்கு நேரில் போய் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். புதுவைப் பகுதியில் விபத்து வழக்குகளைப் பெரும்பாலும் போக்குவரத்துக் காவல் நிலையம் பார்க்கும். மூன்றாவது, இழப்பீட்டு மனுவுக்கு இந்த எல்லை தடையே இல்லை. விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயம், பாதிக்கப்பட்டவர் வசிக்கிற அல்லது தொழில் செய்கிற இடத்துத் தீர்ப்பாயம், எதிர்மனுதாரர் இருக்கிற இடத்துத் தீர்ப்பாயம் - எதில் வேண்டுமானாலும் போடலாம். அரியாங்குப்பத்தில் அடிபட்ட நெல்லிக்குப்பத்துக்காரர் கடலூரிலேயே போடலாம். எங்கே போட்டாலும் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே.

இரண்டு கடிகாரங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. அதை நம்பி நாள் கடத்துவது புத்திசாலித்தனம் இல்லை.

மூளைக்கு வேறொரு கடிகாரம். முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தேறும், அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல ஒன்றிரண்டு வருடம் மாற்றம் இருக்கும். எது நிரந்தரம், எது தேறும் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவே ஒரு வருடம் ஆகலாம். மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து வீக்கத்துக்கு இடம் விட்டவருக்கு, அந்த எலும்பைத் திரும்ப வைக்கும் அறுவை சிகிச்சையே சில மாதம் கழித்துத்தான்.

இந்த இரண்டு கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவு. மனுவைச் சீக்கிரம் போடுங்கள், ஊனத்தின் அளவை நிதானமாக நிரூபியுங்கள், சமரசத்துக்கு அவசரப்படாதீர்கள். முழுதாகக் குணமான பிறகு கேஸ் போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. அடுத்த தவறு, மூன்றாம் மாதமே வருகிற தொகைக்குக் கையெழுத்துப் போடுவது. லோக் அதாலத்தில் (இரு தரப்பும் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) முடித்தால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. எலும்பு முறிவுக்கு லோக் அதாலத் நல்ல வழி. வலிப்பு வருமா வராதா என்றே தெரியாத தலைக்காயத்துக்கு, நிலைமை தெளிந்த பிறகு போவதுதான் சரி.

164-வது பிரிவு என்று இன்னொரு வழி உண்டு. யார் தப்பு என்று நிரூபிக்காமலே, உயிர் போனால் 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அந்தப் பிரிவில் பணத்தை ஏற்றுக்கொண்டால் 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். கையில் வரும் இரண்டரை லட்சத்துக்காக முப்பது லட்சத்தை விட்டுக்கொடுப்பதாக ஆகலாம். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். விண்ணப்பம் கோட்டாட்சியர் போன்ற வருவாய் அதிகாரியிடம். அரசுப் பேருந்து மோதியிருந்தால், தனியார் இன்சூரன்ஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம், போக்குவரத்துக் கழகத்தின் மேலாண்மை இயக்குநரையே எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். தானே தடுமாறி விழுந்தவருக்கு இந்த மனு பொருந்தாது. ஆனால் வண்டி அவர் பெயரில் இருந்து, பாலிசியில் உரிமையாளர் - ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டியிருந்தால் 15 லட்சம் வரை வழி உண்டு. பாலிசியை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள். சிப்காட் ஆலையில் வேலை செய்யும்போதோ தென்னை, பலா ஏறும்போதோ விழுந்தவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு, இ.எஸ்.ஐ. என்று வேறு பாதை.

தொகை எப்படி வருகிறது

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 32 வயது எலெக்ட்ரீஷியன், மாதம் 18,000 ரூபாய் சம்பாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால், 2017-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னபடி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டுவார்கள். 18,000-உம் 7,200-உம் சேர்ந்து 25,200. வருடத்துக்கு 3,02,400. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 48,38,400.

இனி சதவீதம்தான் எல்லாமே. மருத்துவக் குழு 25 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்து, அதையே தீர்ப்பாயமும் எடுத்தால் 12,09,600. வேலை செய்யும் திறன் 60 சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் 29,03,040. ஒரே ஆள், ஒரே காயம், வித்தியாசம் பதினாறே முக்கால் லட்சத்துக்கு மேல்.

இந்த இரண்டு சதவீதமும் வேறு வேறு என்பதை 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்தது. ஒரு கை போனால் தச்சருக்கும் ஓட்டுநருக்கும் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை தொடரலாம் என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட விளக்கம். மூளைக்காயத்துக்கு இது இன்னும் பொருந்தும். நம் எலெக்ட்ரீஷியனுக்குக் கை கால் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஏணியில் ஏறினால் தலை சுற்றுகிறது. மெயினை அணைத்தோமா என்று நினைவில்லை. சிவப்பு ஒயரைக் கையில் பிடித்தபடி, அடுத்து எங்கே கொடுப்பது என்று தெரியாமல் கால் மணி நேரம் நிற்கிறார். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவரை உயரத்தில் ஏற்ற யாரும் துணிய மாட்டார்கள். கை கால் அளந்து கொடுக்கும் சான்றில் இவை எதுவும் வராது.

வருமான இழப்பு தவிர, செய்த மருத்துவச் செலவு, இனி ஆகும் செலவு, போக்குவரத்து, சத்துணவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கான தொகை எல்லாம் தனித்தனியாகக் கேட்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மனைவியோ அம்மாவோ வேலையை விட்டுப் பார்த்துக்கொள்வதும் பணம் பெறும் பணிதான். தலையில் அடிபட்டு, 9 மாதக் குழந்தையின் நிலைக்குப் போய்விட்ட 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பராமரிப்பாளர் செலவையும் பெருக்கும் எண் முறையிலேயே கணக்கிட்டு, மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் கொடுத்தது.

நிரூபிப்பது

காவல் துறையிலிருந்து எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்து வரைபடம், பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை வேண்டும். 2022 முதல் அமலில் உள்ள விதிப்படி, போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்றா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

காயச் சான்றில் ஒரு கண்ணி இருக்கிறது. மண்டை எலும்பு உடையவில்லை என்றால் மூளை கன்றியிருந்தாலும் சாதாரணக் காயம் என்று எழுதிவிடுவது உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 116-வது பிரிவில், உயிருக்கு ஆபத்தான காயமும், 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் ஆக்கிய காயமும் கொடுங்காயம்தான். முன்பிருந்த தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய்ச் சான்று கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட்டின் நகல், ஸ்கேன் அறிக்கை, ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டு ஆகியவற்றை எழுதிக் கொடுத்து வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. மூன்று வருடம் வரைதான் பாதுகாக்கக் கட்டாயம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பில்களை வெள்ளைத்தாளில் தேதிவாரியாக ஒட்டி, இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். மெடிக்கல் ஷாப் ரசீது ஆறே மாதத்தில் வெளுத்துப்போகும்.

மூளையின் வேலையை அளக்க நியூரோ சைக்காலஜி பரிசோதனை என்று தனியாக உண்டு. நினைவாற்றல், கவனம், திட்டமிடல் ஒவ்வொன்றையும் எண்ணில் காட்டும். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் ஆள் மாறிவிட்டவருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மருத்துவக் குழுவுக்குப் போகும் முன் இந்த அறிக்கை கையில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. வீட்டில் ஒருவர் தினமும் இரண்டு வரி எழுதுங்கள். "கோபமாக இருக்கிறார்" என்று எழுதினால் பயன் இல்லை. "12-ம் தேதி காலை, காபி ஆறிப்போனதற்கு டம்ளரை வீசினார், பத்து நிமிடத்தில் அதை மறந்துவிட்டார்" என்று எழுத வேண்டும். நெற்றிப் பக்க மூளை அடிபட்டால் கோபம், கூச்சமின்மை, சோம்பல், பணத்தைக் கண்டபடி செலவழிப்பது எல்லாம் வரும். மூக்கு மணம் அறியாமல் போவதும் உண்டு, காஸ் கசிவதுகூடத் தெரியாது. அவரிடம் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். தன் குறை தனக்குத் தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதிதான். அதனால்தான் குறுக்கு விசாரணையில் அவர் சொல்லும் ஒற்றை வரியை, வீட்டார் சாட்சியமும் இந்த நோட்டும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவரே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், மனைவியோ பெற்றோரோ அவருக்காக மனு போடலாம். கைரேகை வைத்து வக்காலத்து வாங்கினால் பின்னால் கேள்வி வரும். நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து எந்தத் தாளிலும் வைக்காதீர்கள்.

வக்கீல்

வார்டு வாசலிலேயே வந்து, செலவெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம், வர்றதுல இத்தனை பங்கு என்று சொல்கிறவரிடம் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும், வருகிற தொகையில் சதவீதம் பேசுவதும் பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானவை. வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். அசல் ஆவணம் கொடுத்தால் பட்டியல் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எம்.சி.ஓ.பி. எண் (இழப்பீட்டு மனுவின் வழக்கு எண்) வந்தவுடன் குறித்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். பணம் வரும் வங்கிக் கணக்கின் பாஸ்புக்கும் செக் புக்கும் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

தலைக்காய வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று அறிய இரண்டு கேள்வி போதும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரையோ மருத்துவக் குழு மருத்துவரையோ சாட்சியாக விசாரிப்பீர்களா? வேலைத்திறன் இழப்பைத் தனியாக எப்படிக் காட்டப் போகிறீர்கள்? "சர்டிபிகேட் வாங்கிப் போட்டா போதும்" என்று பதில் வந்தால் இன்னொருவரையும் பாருங்கள்.

காசில்லை என்பது தடையில்லை. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, புதுவையிலும் சட்டப்பணிகள் ஆணையம் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. மூளைக்காயத்தால் ஊனமானவர் மாற்றுத்திறனாளி என்ற வகையிலேயே இதற்குள் வருவார்.

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனார்கள் என்று வழக்கே போடாமல் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாததற்கு ஒரு பகுதி கழிக்கலாம், முழுதும் மறுக்க அது காரணம் ஆகாது. மூன்று பேர் போனதாலேயே விபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட முடியாது, அது விபத்துக்குக் காரணமாக இருந்ததென்று நிரூபிக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு குறைவாக வந்தால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீடு போடலாம். தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.